அடியில் பார்க்காமல் வாங்கிய வண்டி

கடலூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவனுக்குத் தலை முழுக்க ஸ்பீடு பிரேக்கர்தான் ஓடிக்கொண்டிருக்கும். செம்மண்டலத்தில் இருக்கும் வீட்டிலிருந்து திருப்பாப்புலியூரில் இருக்கும் என் டைல்ஸ் கடைக்கு வருவதற்குள் எத்தனை மேடு, எதை நேராக ஏறலாம், எதைக் குறுக்காக ஒவ்வொரு சக்கரமாக இறக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. நான் ஒரு மேட்டை அங்குலம் அங்குலமாகக் கடந்துகொண்டிருப்பேன். பின்னால் ஹாரன் அடித்து ஓய்ந்துபோன ஆட்டோக்காரர், "இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய இன்ஜினு?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போவார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. அதுவரை ஒழுங்காக இருந்தேன். என் மனைவி சொல்வாள், "மூணு பேர் இருக்கற குடும்பத்துக்கு ரெண்டு ஸீட்டு வண்டி வாங்குறீங்களே, யாரை எறக்கி வுடப் போறீங்க?" அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். நான் துணியை எடுத்துப் பானட்டைத் துடைக்கப் போய்விடுவேன்.

முதல் வண்டி வெள்ளி நிறம். பெங்களூரில் வாங்கினேன். போகும்போது கடலூர் மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே போனதும் கோணி விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஒரு மணி நேரம் டார்ச்சும் கையுமாக அடியிலேயே இருந்தார். விற்கிறவர் முகம் சுளிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதே வண்டியை மூன்று வருஷம் கழித்து நான் விற்றபோது கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இரண்டு மெக்கானிக்குகளோடு வந்து இறங்கினார். கூடவே பெயிண்டை அளக்கிற கருவி வேறு. அரை நாள் என் வீட்டு வாசலில் படுத்துக் கிடந்தார்கள். எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. வாங்குகிறவன் அடியில் பார்ப்பான், விற்கிறவன் டீ கொடுப்பான். இதுதான் இந்தத் தொழிலில் மரியாதை.

இரண்டாவது வண்டி கருநீலம். மேல்கூரை திறக்கும். அதை நான் நேசித்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையைத் திறந்துவிட்டுச் சிதம்பரம் கிளம்புவேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் புது ரோடு விரிந்து கிடக்கும். மூன்றாவது கியரில் ஒரு அழுத்து அழுத்தினால் முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடையும் இல்லை, உடைந்த டைலுக்கு மாற்று கேட்டு வருகிற கஸ்டமரும் இல்லை. புதுச்சத்திரம் வரும்வரை நான் வேறு ஆள்.

சிதம்பரத்தில் மாமனார் வீடு. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வந்துவிடுவான். அவன் பெண் யு.கே.ஜி. படிக்கிறாள். அவளும் பின்னாலேயே ஓடி வருவாள். "மாமா, எப்பவாவது விக்கறதுன்னா எனக்குத்தான் குடுக்கணும், சொல்லிட்டேன்" என்பான். நானும் பெரிய மனுஷன் தோரணையில் தலையாட்டுவேன்.

அந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் குமராட்சிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். சம்பா அறுத்த வயலில் போட்ட உளுந்தைப் பிடுங்குகிற சமயம். எங்கள் மாவட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது: பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடையும். பிறகு செத்தையை உதறிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளுவார்கள். என் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் எங்கள் அம்மாவே கம்பையும் உளுந்தையும் இப்படிப் போட்டிருக்கிறாள். தாழ்வான வண்டி செத்தையில் ஏறினால் கொடி அடியில் சிக்கும், சிக்கினால் சைலன்சர் சூட்டில் பற்றும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரோட்டை அடைத்து உளுந்து கிடந்தது. ஓரத்தில் நாலைந்து பெண்கள். "ஏத்திட்டுப் போங்க சார்" என்று ஒருத்தர் கையைக் காட்டினார். இறங்கி, கொஞ்சம் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். திரும்பிப் போயிருக்கலாம். கூரை திறந்த வண்டியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் செத்தைக்குப் பயந்து திரும்புவதா? ஏற்றினேன்.

நூறடி போயிருக்க மாட்டேன், வண்டி இழுத்தது. அப்புறம் புகை. இறங்கிப் பார்த்தால் அடியில் நெருப்பு. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண்கள்தான் ஓடி வந்தார்கள். ஒருத்தர் வாய்க்காலில் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து திணித்தார். கை காட்டிய அதே அம்மா தரையில் படுத்து, அரிவாளால் எரிகிற கொடியைக் கொக்கி போட்டு இழுத்து இழுத்து வெளியே போட்டார். நெருப்பு அணைந்தது. "பெட்ரோல் வாசம் வருது சார், அடியில ஒழுவுது, பாத்துக்குங்க" என்றார். அவர் புறங்கை பொசுங்கியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்களைத் திட்டினேன். ரோடு என்ன உங்கள் களமா, போலீஸில் சொல்லவா என்று கத்தினேன். எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கடலூர் வந்தேன். பெட்ரோல் பைப் ஒரு சாண் அளவுக்கு உருகியிருந்தது. மெக்கானிக் அந்தத் துண்டை வெட்டிவிட்டு ரப்பர் குழாய் போட்டு இணைத்து, மேலே சூடு தாங்குகிற துணியைச் சுற்றினார். "இது டெம்பரவரி சார். ஒரிஜினல் பைப் ஃபாரின்லேருந்து வரணும். சொல்லி வைங்க, வந்ததும் மாத்திடலாம். ஜாஸ்தி நாள் இதோட ஓட்டாதீங்க" என்றார். சரி என்றேன். நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப் போட்டேன். வண்டி மேல் இருந்த ஆசையும் விட்டுப்போயிருந்தது. நெருப்பு பிடித்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளை உளுந்தில் ஏற்றி வண்டியைக் கொளுத்திக்கொண்டான் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்றுதான்.

விற்றுவிடலாம் என்று தோன்றியது. வெளி ஆள் வந்தால் அடியில் படுப்பான். படுத்தால் கருகலும் ரப்பர் குழாயும் தெரிந்துவிடும். மச்சான் படுக்க மாட்டான். சொந்தத்தில் வண்டி கைமாறும்போது குனிந்து பார்ப்பதே அவமானம். அதுவும் அக்கா புருஷன் கொடுக்கிற வண்டிக்கு மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் அப்புறம் ஒரு கல்யாணம் காட்சிக்கு முகம் பார்த்துப் பேச முடியாது. இது தெரிந்துதான் அவனிடம் பேச்சை எடுத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

தை மாசம் வண்டி கைமாறியது. விலையை நன்றாகக் குறைத்துக் கொடுத்தேன். மாமனார் வீட்டில் என்னைக் கொண்டாடினார்கள். கோயில் வாசலில் பூஜை போட்டு முடித்ததும் மச்சான் சாவியை என்னிடமே நீட்டினான். "உங்க கையால ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க மாமா, உங்க கை ராசியான கை." பக்கத்தில் அவன் பெண் பட்டுப்பாவாடையோடு குதித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "என் ஃப்ரெண்டு ஒருத்தன், மெக்கானிக்க கூட்டிட்டுப் போய் அடியில பாருடான்னான் மாமா. எங்க மாமா வண்டிய அடியில படுத்துப் பாத்தா எங்கக்கா என்னைச் செருப்பால அடிக்கும்னு சொன்னேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. தினமும் காலையில் பெண்ணை அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் விடுவான். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். எட்டே முக்கால் மணிக்கு நான் கடையில் கல்லாவைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படம் வந்துவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். ஒருநாள் படம் வரவில்லை. பதினொரு மணிவரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் விசாரித்தால் பள்ளிக்கூடம் லீவாம். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நம்பரை எடுத்தேன். "என்ன மாமா?" என்று அவன் கேட்டதும், "சும்மாதான்டா, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன்.

மறுபடி பங்குனி வந்தது. குமராட்சி தாண்டி ஒரு கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பெண்களும் குழந்தைகளும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். "நீங்க என்கூட வாங்க மாமா, உங்க பழைய வண்டிதானே" என்று மச்சான் என்னை ஏற்றிக்கொண்டான். வேறு ரோட்டில் போகலாம் என்று மழுப்பிப் பார்த்தேன். "இதுதான் மாமா கிட்ட" என்றான். அதே இடத்தில், அதே மாதிரி, ரோட்டை அடைத்து உளுந்து கிடந்தது.

மச்சான் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போனான். "அம்மா, வண்டி ரொம்பத் தாழ்வு. ஏத்துனா கொடி சிக்கிக்கும். ஒரு ஓரமா கொஞ்சம் ஒதுக்கிக்கலாமா?" என்று கேட்டான். அவர்கள் துரட்டுக் கழியை எடுத்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் சேர்ந்து தள்ளினான். ஐந்து நிமிஷ வேலை. போன வருஷம் எனக்கு இருந்ததும் அதே ஐந்து நிமிஷம்தான்.

நான் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா வண்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு என் பக்கமாகச் சுற்றி வந்தார். புறங்கையில் தழும்பு.

"சார், நீங்கதானா? போன வருஷம் இங்க பத்திக்கிச்சே, அந்த வண்டிதானே இது? அடியில பெட்ரோல் ஒழுவுதுன்னு சொன்னனே, சரி பண்ணிட்டீங்களா?"

அவர் குரலில் கோபமே இல்லை. நான் திட்டியதை மறந்துவிட்டாரோ, இல்லை மறந்த மாதிரி காட்டினாரோ, தெரியவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். மச்சான் கழியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஒதுக்கிய பாதையில் மெதுவாக ஓட்டிக் கடந்தான். கொஞ்ச தூரம் போய் ஒரு வேப்பமர நிழலில் இன்ஜினை அணைத்தான். "பத்திக்கிச்சா மாமா?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். பைப், ரப்பர் குழாய், மெக்கானிக் சொன்னது, நான் தள்ளிப் போட்டது. நான் முடித்ததும் என் ஸீட்டைப் பார்த்தான்.

"இதுலதான் மாமா பாப்பா தினம் உக்காந்து போவுது. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன்.

சிதம்பரத்திலிருந்து மெக்கானிக்கை வரச் சொன்னான். அவர் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு, குழாய் வாயில் பெட்ரோல் ஈரம் இருக்கிறது, இனி இதற்குச் சாவி போடக்கூடாது என்றார். இழுத்துக்கொண்டு போக வண்டி வந்தது. நானும் அவனும் மினி பஸ்ஸில் நின்றுகொண்டே காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் என் பக்கத்தில் நின்று, "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னான். யாரிடமும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நானே சொன்னேன். "என் தம்பி உங்கள நம்புனான்" என்றாள். அவ்வளவுதான். ஒரிஜினல் பைப்பை வரவழைத்து மாற்றி, அந்த வண்டியை மச்சானிடம் பணம் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கொண்டு, எரிந்ததையும் சொல்லியே வெளி ஆளுக்கு விற்றேன். அதற்குப் பிறகு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கவில்லை. வாங்கக்கூடாது என்று சபதம் ஒன்றும் கிடையாது. விளம்பரம் பார்த்தால் முதலில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்தான் கண்ணில் படுகிறது.

போன மாசம் மாமனாருக்கு முழங்கால் ரொம்ப மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர எங்கள் பழைய நாலு கதவு வண்டியைச் சிதம்பரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். ஓசியாகக் கொடுக்கிற வண்டி. எடுத்துப் போக மச்சான் வந்தான். கூடவே ஒருவர், தோளில் சாக்கு, கையில் ஸ்பேனர் பெட்டி.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மெக்கானிக் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். மனைவி இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். "சார், லைட்ட கொஞ்சம் இப்புடிக் காட்டுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. நான் மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்தேன்.

"சுத்தமா இருக்குதுங்க" என்றார் அவர், பத்து நிமிஷம் கழித்து.

"நல்லா பாருங்கண்ணே" என்றான் மச்சான். "இன்னொரு தடவ பாருங்க."

நான் லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன்.