காகிதத்தில் வந்த பேரன்

எங்கள் வீட்டில் பந்தாட்டம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்பா பல்பினோ கிரோஸ் வட ஸ்பெயினில் கோர்வெதால் என்ற சின்ன ஊரில் ரொட்டி சுட்டு விற்றவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கோல் கணக்கு கேட்கும். அவர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார். அப்படிப்பட்ட மனிதர் அறுபத்து நான்காவது வயதில் நலேரா அணியின் பச்சை மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கொட்டும் மழையில் நின்று நடுவரின் குடும்பத்தையே திட்டினார் என்றால், அதற்குக் காரணம் காஸ்துலோ அயாலா.

1973 அக்டோபர் மாதம். கடையில் ரொட்டி சுற்றிக் கொடுக்க வைத்திருந்த பத்திரிகைக் கட்டில் ஒரு தாளை உருவினேன். கிரோஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது. நலேரா அணிக்குப் பராகுவேயிலிருந்து புதிய முன்கள ஆட்டக்காரர் வந்திருக்கிறார், வயது இருபத்து மூன்று, இவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா அவெலினோ கிரோஸ், கோர்வெதாலில் பிறந்தவர் என்று போட்டிருந்தது.

அந்தக் காலத்தில் இரண்டாம் பிரிவு அணிகளில் வெளிநாட்டுக்காரர்கள் ஆட முடியாது. ஸ்பானிய ரத்தம் இருந்தால் ஆடலாம். அதனால் கடல் தாண்டி வந்த ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இங்கே எங்காவது ஒரு தாத்தா பிறந்திருந்தார். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவெலினோ என் பெரியப்பா. 1920-ல் பதினெட்டு வயதில் கிஹோன் துறைமுகத்தில் கப்பலேறினார். புவெனோஸ் ஐரெஸிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

அப்பா பிசைந்த மாவோடு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"அவனுக்குக் கல்யாணம் ஆயிருக்கு," என்றார். "பொண்ணு பொறந்திருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஒரு பையன்." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்குச் சுட்ட ரொட்டி முழுக்க உப்பில்லாமல் இருந்தது. ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். நலேரா சுரங்க நகரம். மைதானத்துக்குப் பின்னால் கரிமேடு கறுப்பாக நிற்கும். மடியில் மூன்று கிலோ ரொட்டி ஒன்று, துணியில் சுற்றிய சோரிசோ என்ற பன்றிக்கறிக் குழல் இரண்டு சரம். ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் வெளியே வரும் கதவருகே காத்திருந்தோம். குட்டையாக, கறுத்து, ஈரத் தலையோடு ஒருவன் வந்தான். அவன் தோளில் கை போட்டபடி அணியின் நிர்வாகி ஒருவர்.

அப்பா யாரையும் கேட்கவில்லை. நேரே போய் அவனைக் கட்டிக்கொண்டார். "நான் பல்பினோ. உன் தாத்தாவோட தம்பி."

காஸ்துலோவின் முகத்தில் ரத்தமே இல்லை. குளிர் என்று நான் நினைத்தேன். அவன் நிர்வாகியைப் பார்த்தான். நிர்வாகி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பாத்தியா, ரத்தம் தேடி வந்துடுச்சு," என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"எங்க அண்ணன் கோவக்காரன், இல்ல?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா," என்றான் காஸ்துலோ.

"பாட்டுன்னா உசிரு. ஆனா சுதி சேராது."

"ஆமா, சேராது."

அப்பாவே கேள்வியும் கேட்டு, பதிலையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் காட்டி, "இது ஒப்துலியா, என் பொண்ணு. உங்க அம்மாவுக்குத் தங்கச்சி முறை. அப்போ உனக்குச் சித்தி," என்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவன் முதல் முறையாகச் சிரித்தான். "சித்தியா? எங்க ஊர்ல சித்திங்க எல்லாம் இவ்வளவு சின்னதா இருக்க மாட்டாங்க," என்றான்.

திங்கட்கிழமை அவர்களுக்குப் பயிற்சி கிடையாது. முதல் மாதம் நாங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகே வந்தான். டிசம்பரில் பனி விழுந்த பிறகு கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் அடுப்பறையில் முதுகை அடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பான். இத்தூர்பே என்ற கரும்பு ஊர் அவனுடையது. அப்பா கரும்பு லாரி ஓட்டுபவர். வீட்டில் ஒன்பது பேர். அங்கே டிசம்பரில்தான் வெயில் மண்டையைப் பிளக்குமாம். "இந்தக் குளிர்ல மனுசன் எப்படி சித்தி பொறந்தான்?" என்பான். கொம்புக் குவளையில் ஏதோ இலையைப் போட்டு, உலோகக் குழாயால் உறிஞ்சுவான். ஊரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் குடிப்பார்களாம். எங்கள் ஊருக்கு வந்து வெந்நீருக்கு மாறிவிட்டான். அப்பா ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்து, "மாட்டுக்குக் குடுக்கறத விட்டுட்டு உனக்கு ஏன் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

சும்மா இருக்க மாட்டான். மாவு மூட்டை தூக்குவான். நீளத் துடுப்பால் ரொட்டியை அடுப்பில் தள்ளக் கற்றுக்கொண்டான். காலில் இருந்த நளினம் கையில் இல்லை. தள்ளிய ரொட்டியில் பாதி கோணிக்கொண்டுதான் வெளியே வரும். அவற்றை அப்பா தனியாக எடுத்து வைத்து, "என் பேரன் சுட்டது" என்று வாங்க வருபவர்களிடம் தள்ளிவிடுவார்.

முதல் சீசனில் பதினேழு கோல் போட்டான். இடது கால்காரன். பெரிய ஓட்டம் கிடையாது. தடுப்பாட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஏதோ தொலைத்தவன் மாதிரி நிற்பான். பந்து வரும் நேரத்தில் அவன் அங்கே இருக்க மாட்டான், பந்து விழும் இடத்தில் இருப்பான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோர்வெதாலிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் போனோம். பஸ்ஸில் அப்பாவுக்கும் ஆப்பிள் மதுக்கடை குமெர்சிந்தோவுக்கும்தான் பேச்சு. ஒரு ஞாயிறு திரும்பும்போது குமெர்சிந்தோ கேட்டான்.

"பல்பினோ, உன் வம்சத்துல ஓடத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட கெடையாதே. இவன் கால் யாரு கால்?"

"எங்க அண்ணன் கால். இருபதாம் வருசம் ஓடுனவன் இன்னும் திரும்பி வரல. அதவிட ஓட்டம் வேணுமா உனக்கு?"

பஸ்ஸே சிரித்தது. அவனும் அன்றைக்கு எங்களோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்று நினைத்து நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

அந்த இரண்டு வருடங்களைப்போல எங்கள் வீடு கலகலப்பாக இருந்தது முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அம்மா இறந்ததிலிருந்து மேசையில் நானும் அப்பாவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை மட்டும் பெரிய பானையில் பீன்ஸ் வெந்தது. அவன் மூன்று தட்டு சாப்பிடுவான். பயிற்சியாளர் எடை பார்த்துவிட்டுக் கத்தினால், "எங்க சித்தியக் கேளுங்க," என்பானாம்.

1975 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை வந்தான். அந்த வாரம் வெளியூர் ஆட்டம். அவன் வந்திருக்கவே கூடாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மழையில் நடந்தே வந்து, அடுப்பறை வாசலில் நின்றான். அப்பா துடுப்போடு நின்றிருந்தார்.

"உள்ள வா. நனையறியே."

"இங்கயே நிக்கறேன்," என்றான். "நாளைக்குப் பத்திரிகையில வரும். அதுக்கு முன்னாடி நான் சொல்லணும். என் அம்மாவோட அப்பா பேரு அவெலினோ இல்ல. அவர் குவாரானி, எங்க மண்ணோட பூர்வகுடி. இத்தூர்பேல கரும்பு வெட்டுனவர். ஸ்பெயின் எந்தத் திசையில இருக்குன்னு அவருக்குத் தெரியாது."

அடுப்பில் ரொட்டி தீயும் வாடை வந்தது. அப்பா அசையவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். அந்தக் கதவுகிட்ட நீங்க கட்டிப்பிடிச்சப்ப வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு திங்களும் சொல்லணும்னுதான் பஸ் ஏறுவேன். சித்தி தட்டுல சாப்பாடு போட்டுடுவாங்க."

நான் கோபத்தில் அடுப்புக் கதவை அறைந்து சாத்தினேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன் பேரு உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

"எங்க தலைநகரம் அசுன்சியோன்ல ஒரு தரகர். பழைய பதிவேடு வெச்சிருந்தார். அங்க வந்து பதிஞ்சுக்கிட்ட ஸ்பானியர்கள் பேரு. ஆளுக்கு ஒரு பேரு கிழிச்சுக் குடுத்தார். எனக்கு இது விழுந்துச்சு. முப்பத்தொண்ணாம் வருசம் பதிஞ்சது."

"முப்பத்தொண்ணுல," என்றார் அப்பா. "அப்போ அவன் பராகுவேல இருந்திருக்கான். உசிரோட."

அது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். ஏதோ சொல்ல வந்தான். அப்பா துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "பஸ் அஞ்சு மணிக்கு. கெளம்பு," என்றார்.

அவன் போனான். நான் வாசல் வரைகூடப் போகவில்லை.

மறுநாள் பத்திரிகையில், பொய்த் தாத்தாக்களைக் காட்டி ஆடியவர்கள் என்று பல அணிகளைச் சேர்ந்த பதினொரு பெயர்கள் வந்தன; அவனுடையது நான்காவது. அணி அவனை அந்த வாரமே அனுப்பிவிட்டது. முதுகில் தட்டிய நிர்வாகி, தனக்கு எதுவும் தெரியாது என்று பேட்டி கொடுத்தார். அணி அந்த வருடம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. ஊரில் பாதி சிரித்தது, பாதி பரிதாபப்பட்டது. இரண்டாவதுதான் அப்பாவால் தாங்க முடியாததாக இருந்தது. "பேரன் எப்படி இருக்கான்?" என்று ஒருவன் மதுக்கடையில் கேட்டபோது, குமெர்சிந்தோ அவன் கையிலிருந்த கிளாஸை வாங்கி வைத்து அவனை வெளியே போகச் சொன்னானாம். அப்பா அதன்பிறகு அங்கே போகவில்லை. வீட்டிலும் அவன் பெயரை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பீன்ஸ் வேகவைப்பதை நானும் நிறுத்தினேன்.

மூன்று வருடம் கழித்து, 1978 மார்ச்சில் ஒரு தடித்த உறை வந்தது. என் பெயருக்கு எழுதியிருந்தான். உள்ளே "மரியாதைக்குரிய ஒப்துலியா அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தது. அதைப் படித்தபோதுதான், அவன் மேல் இருந்த கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. யாரோ அந்நியருக்கு வந்த கடிதம் மாதிரி இருந்தது. சித்தி என்று எழுதியிருக்கக் கூடாதா என்று வலித்தது.

ஸ்பெயினிலிருந்து போனவன் பொலிவியாவில் ஒருரோ என்ற ஊரில் ஆடியிருக்கிறான். மூச்சு முட்டும் உயரம். சீசன் முடிந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு தேடியிருக்கிறான். தரகர் கைவிரித்துவிட்டார். கடைசியில் ஆற்றில் இரண்டு நாள் வடக்கே படகில் போய், தோல் பதனிட மரச்சாறு எடுக்கும் ஒரு பழைய ஆலையைக் கண்டுபிடித்தான். அங்கே துணி வெளுத்த கிழவி ஒருத்திக்கு நினைவிருந்தது. "ரொட்டிக்கார காயேகோ" என்றாளாம். அவர்களுக்கு ஸ்பெயினிலிருந்து வந்த எல்லோரும் காயேகோதான். ஆலைத் தொழிலாளர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1938-ல் காய்ச்சலில் இறந்தார். கிழவி காட்டிய இடத்தில் மரச்சிலுவை மக்கிக் கிடந்தது. இவன் கல் வைத்து, பெயர் வெட்டி, படம் எடுத்து அனுப்பியிருந்தான். பெயருக்குக் கீழே கோர்வெதால் என்றும் வெட்டியிருந்தது.

அப்பா அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாருமே இல்லாம போயிருக்கான்," என்றார்.

பிறகு காகிதமும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். "எழுது. அன்புள்ள பேரனுக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன பாக்கறே? காது கேக்கலயா? பேரனுக்குன்னு எழுது. சீசன் எப்ப முடியுதுன்னு கேளு. அங்க என்ன சாப்பிடறான்னு கேளு."

1979 ஜூனில் வந்தான். தலைமுடி முன்பக்கம் ஏறியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு அப்பா தானே போனார். அவர்கள் இருவரும் வழியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்ததும், "சித்தி, குண்டாயிட்டீங்க," என்றான்.

"மூணு தட்டு சாப்பிடறவன் பேசற பேச்சா இது?" என்றேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, மகள் வயிற்றில் இருந்தாள். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் பெரிய ஊர்களில் ஆடவே இல்லை. குவாத்தமாலாவில் நான்கு வருடம், பிறகு சைப்ரஸ். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கோல். எண்ணி வைத்திருந்தவர் அப்பா. முழங்கால் இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். முப்பத்தாறு வயதிலும் அங்கே லிமசோல் பக்கம் ஒரு சின்ன அணியில் அரை மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தான்.

1986 நவம்பரில் அப்பா இறந்துபோனார். தந்தி கொடுத்தேன்; வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. ஒப்பந்தம் பாதியில் இருந்தது. இரண்டாம் நாள் காலை வந்து நின்றான், ஆட்டத்துக்கு அணிந்த உள்பனியனைக்கூட மாற்றாமல். சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். முன்னால் இடது பக்கம் குடும்பத்து ஆண் நிற்க வேண்டிய இடம். என் கணவர் அங்கே போய் நின்றார். குமெர்சிந்தோ அவரைத் தோளில் தொட்டு ஒரு அடி பின்னால் நகர்த்திவிட்டு, "நீ வா," என்று காஸ்துலோவைக் கூப்பிட்டான். கல்லறைக்கு ஏற்றமான பாதை. முழங்கால் வலியில் அவன் விந்தி விந்தி நடந்தான். மாற்றிக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டும் விடவில்லை.

சைப்ரஸ் அணி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் அதைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. இத்தூர்பேக்குப் போய், கரும்பு ஆலை மைதானத்தில் பெண்கள் அணி ஒன்றைப் பழக்க ஆரம்பித்தான். கல்யாணம் செய்துகொண்டான்; அவள்தான் அந்த அணியின் முதல் கோல்கீப்பர். இப்போது அவனுக்கும் எழுபது தாண்டிவிட்டது. போன ஞாயிறு பேசினான்.

"மூணு கோல் வாங்கிட்டோம் சித்தி."

"யாரு பழக்கினது?"

"எவனோ ஒரு காயேகோவோட பேரனாம்," என்றான். அவன் பின்னாலிருந்து பெண்கள் கத்துவதும், யாரோ பந்தை உதைக்கும் சத்தமும் கேட்டன. இருங்க, வரேன் என்று போனைக் கீழே வைத்துவிட்டு அவர்களைத் திட்டப் போனான். நான் காத்துக்கொண்டிருந்தேன்.