நான் கிழித்த நோட்டு

சம்பளம் வாங்காத வேலையில் தவறு செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பலர் தொண்டுக்கு வருகிறோம்; மாணவர் அறிவியல் கண்காட்சி ஒன்றை முன்னின்று நடத்தியவர்களுக்கு அந்த நம்பிக்கை முதல் வாரத்திலேயே போய்விடும். இதைப் படிக்கும் உங்களில் சிலரேனும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒலிபெருக்கி வேலை செய்யாத மேடையில் நின்று, வராத பேருந்துக்காகப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு முன்னுரை வேண்டியதில்லை. எனக்கு நேர்ந்ததை நேர்ந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு தலைவர்கள்

அரசுப் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்வழியில் படித்துத் தமிழ்வழியில் கற்பித்தவள். அதில் எனக்குப் பெருமை உண்டு. நாமக்கல் அருகே ஒரு கல்லூரியில் ஒன்பது நாட்டு மாணவர்கள் கூடும் கண்காட்சி நடக்கவிருந்தது. தொண்டர்களுக்குத் தலைமை ஏற்க அழைத்தார்கள். உள்ளூர் மாணவர்களின் ஆய்வுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மேசை, மின்சாரம், வாகனம் ஆகியவற்றுக்கு இன்னொரு தலைவர்: திருச்செங்கோட்டுச் செந்தில்வேல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர், கென்யாவில் ஏழு ஆண்டுகள் போர்வெல் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர்.

முதல் கூட்டத்தில் தொண்டர் ஒவ்வொருவரும் தம் பணிகளை எழுதித் தர வேண்டும் என்றேன். ஓரத்தில் கோடு போடாமல் எழுதியவர்களுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தவற்றில் செந்தில்வேலின் தாளும் ஒன்று. அதை வாங்கிப் பார்த்து, தொண்டர் பிள்ளைகளிடம் ஓர் அடிக்கோல் கடன் கேட்டு, என் முன்னாலேயே கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க டீச்சரம்மா, ஆயிரம் அடி நேராத் தொளை போட்ருக்கறனுங்க. இந்த ஒரு கோடுதான் எனக்கு நேரா வர மாட்டேங்குது."

நகல் எடுத்த ஒன்பது மாலைகள்

உள்ளூரிலிருந்து வந்த ஆய்வுகளில் ஒன்றைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் சரசுவின் மகள் கோகிலா செய்தது, பதினோராம் வகுப்பு. கோடையில் கூண்டுகளுக்கு முன்னால் ஓடும் குழாயில் தண்ணீர் சுடுகிறது. கோழிகள் குறைவாகக் குடிக்கின்றன. முட்டை ஓடு மெலிந்து விரிசல் விடுகிறது. ஒரு வரிசைக் குழாய்க்கு மட்டும் ஈரச் சாக்குச் சுற்றி, மற்ற வரிசையை அப்படியே விட்டு, இரண்டு மாதம் நாள்தோறும் தண்ணீரின் வெப்பத்தையும் விரிசல் முட்டைகளையும் எண்ணியிருந்தாள். வெற்றி பெறும் மூவர் அடுத்த ஆண்டு நைரோபியில் நடக்கும் கண்காட்சிக்குச் செல்வார்கள் என்று நான் சொன்னதும், "அங்கயும் கோழிப் பண்ணை இருக்குங்களா?" என்று கேட்டவள் அவள்.

ஆனால் அந்த நோட்டு! தீவனத் தூள் ஒட்டியிருந்தது. எச்சக் கறை இருந்தது. அடித்தலும் திருத்தலும் பக்கத்துக்குப் பக்கம். இதையா வெளிநாட்டு நடுவர் கையில் கொடுப்பது என்று புதிய நோட்டு ஒன்று கொடுத்து, ஒன்பது மாலைகள் என் வீட்டில் உட்கார வைத்து எழுதச் செய்தேன். பத்தொன்பதாம் நாளுக்கு நேராக ஓரத்தில் அவள் ஏதோ எழுதியிருந்தாள். அட்டவணையில் கதை எழுதக் கூடாது என்று அதை விடச் சொன்னேன். கடைசி நாள், எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட்டேன். பிறகு ரஃப் நோட்டை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இது என் பழக்கம். பிழையுள்ள பிரதி வெளியில் இருந்தால் அடுத்த ஆண்டு இன்னொருத்தி அதைப் பார்த்து எழுதுவாள். முப்பத்து நான்கு ஆண்டுகளும் இப்படித்தான் கிழித்தேன். கோகிலா குப்பைக் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிழிச்சுப்போட்டீங்களா டீச்சர்? செரிங்க."

விதிகள் வந்த நாள்

கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னதாக விதிப் புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் எழுபது பக்கம். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். தலைவர்களில் அதை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதை இப்போதும் சொல்லிக்கொள்வேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அந்த விதி இருந்தது. ஆய்வு நடந்த அன்றன்று எழுதிய முதல் குறிப்பேடு மேசையில் இருக்க வேண்டும். பிறகு பார்த்து எழுதிய நகல் ஏற்கப்படாது. முதல் குறிப்பேடு இல்லாத ஆய்வைக் காட்சிக்கு வைக்கலாம், மதிப்பெண் கிடையாது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் செந்தில்வேலிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. புது நோட்டு ஒன்றில் அவளை மறுபடியும் எழுதச் சொல்லலாம், நடுநடுவே அடித்துத் திருத்தச் சொல்லலாம் என்றார். "முடியாது" என்று அந்த நொடியே மறுத்தேன் என எழுதத்தான் கை போகிறது. உண்மை அதுவன்று. மறுநாள் காலையில்தான் மறுத்தேன். அதுவரை என் காதில் அவர் குரலே ஓடிக்கொண்டிருந்தது: "தீவனத்துல நாலு பெரட்டுப் பெரட்டி வெயில்ல போட்டு எடுத்தா, பழசு எது புதுசு எதுன்னு அந்தக் கோழிக்கே தெரியாதுங்க டீச்சரம்மா."

பண்ணை வாசலில்

செய்தியைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று நேரில் போனேன். பண்ணைக்குள் நுழைவதற்கு முன் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், நனைத்துவிட்டு நின்றேன். சரசு முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "கோகிலா, டீச்சர் வந்துருக்காங்க பாரு சாமி! ஊட்டுக்குள்ள போயி நாற்காலி எடுத்தா!" நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

நின்றுகொண்டே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. கைப்பேசியில் படம் ஏதும் எடுத்து வைத்தாயா என்று கோகிலாவைக் கேட்டேன். வீட்டில் இருப்பது பட்டன் போன், அதில் படம் எடுக்க முடியாது என்றாள். குப்பை என்றோ எரிந்துவிட்டது. கோகிலா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள், அழவில்லை. சரசு கையிலிருந்த முட்டையை அட்டையில் அதன் குழியில் வைத்தாள். என் வகுப்பில் தவறு செய்த பிள்ளைகளின் பெற்றோரை எத்தனையோ முறை வரவழைத்துப் பேசியிருக்கிறேன். என்னைப் பற்றி என்னிடமே ஒரு தாய் பேசியது அன்றுதான். "எம்புள்ள தப்புப் பண்ணியிருந்தா முட்டி போட வெச்சிருப்பீங்க. நீங்க பண்ணுனதுக்கு நாங்க என்னங்க பண்றது?"

கென்யாவிலிருந்து ஒரு நடுவர்

உயிரியல் பிரிவுக்கு நடுவராகக் கென்ய நாட்டு அம்மையார் ஒருவர் வந்தார். கால்நடை மருத்துவர், என் வயதுதான் இருக்கும். சேலம் ரயில் நிலையத்தில் வரவேற்கச் செந்தில்வேலும் நானும் போனோம். நான் மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வரவேற்புரையின் இரண்டாம் வாக்கியத்தில் இருந்தபோது, செந்தில்வேல் குறுக்கே புகுந்து சுவாஹிலியில் பொரிந்து தள்ளினார். அம்மையார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்லூரி வரும்வரை இருவரும் ஓயவில்லை. நான் பின் இருக்கையில் வரவேற்புரைத் தாளுடன் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அம்மையார் என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் நண்பர் எங்கள் மொழியை நன்றாகப் பேசுகிறார். கிணறு தோண்டுபவர்களிடம் கற்றிருக்கிறார், வசவுகளும் சேர்த்து."

மூன்றாம் மேசை

மதிப்பீட்டு நேரத்தில் தொண்டர்கள் மேசைகளுக்கு அருகில் நிற்கக் கூடாது. மொழிபெயர்ப்பவர் மட்டும் நிற்கலாம். விதியை எல்லோருக்கும் படித்துக் காட்டியவளே நான்தான். கோகிலாவின் மூன்றாம் மேசைக்கு அம்மையார் வந்தபோது, மொழிபெயர்க்கச் செந்தில்வேல் நின்றார். நான் தரையில் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே நின்று கை தூக்கினேன், மாணவியைப் போல. அம்மையார் தலையசைத்ததும் உள்ளே போய்ச் சொன்னேன்: முதல் குறிப்பேடு இல்லை, அதைத் தொலைத்தவள் இந்தப் பெண் இல்லை, கிழித்தவள் நான். ஆங்கிலத்தில் சொல்லப் பழகி வந்திருந்தேன். "கிழித்தேன்" என்ற இடத்தில் சொல் வரவில்லை. கையால் கிழித்துக் காட்டினேன்.

அம்மையார் நகல் நோட்டை எடுத்துப் புரட்டினார். கோடுகள் நேர், எழுத்து முத்து. பத்தொன்பதாம் நாளில் விரலை வைத்தார். அன்று மட்டும் இரண்டு வரிசைகளிலும் விரிசல் முட்டை எகிறியிருந்தது. ஏன்? கோகிலா சொன்னாள்: "அன்னைக்கு முட்டை வண்டி சாஞ்சுபோச்சுங்க. வண்டியில ஒடஞ்சது எத்தனைன்னு தனியா எண்ணி ஓரத்துல எழுதியிருந்தேனுங்க." எத்தனை என்று அம்மையார் கேட்டார். ஓரத்தில் இருந்த கதை அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செந்தில்வேல் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தோராயமா ஒண்ணு சொல்லு சாமி" என்றார். கோகிலா யோசித்தாள். "நெனப்பில்லீங்க. இப்ப ஒண்ணு சொன்னா அது எண்ணுனது ஆகாதுங்களே." அதை அவர் அப்படியே மொழிபெயர்த்தார், அதற்காக அவரை நான் என்றும் மதிப்பேன்.

மற்ற மேசைகளில் பத்து நிமிடம் நின்ற அம்மையார் அங்கே முக்கால் மணி நேரம் இருந்தார். சாக்கு எத்தனை முறை நனைத்தாய், கோழிகளின் வயது என்ன, தீவனம் மாறியதா என்று கேட்டுக்கொண்டே போனார். கோகிலா தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். முடிவில் அம்மையார் அட்டை ஒன்றை எடுத்து, 'காட்சிக்கு மட்டும்' என்று எழுதி மேசையில் வைத்தார். எழுதிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "நீ எண்ணினாய் என்று நான் நம்புகிறேன், மகளே. மதிப்பெண் போட என் நம்பிக்கை போதாது. உன் நோட்டு வேண்டும்."

பரிசளிப்புக்குப் பின்

நைரோபிக்குத் தேர்வான மூன்று பெயர்களில் கோகிலாவின் பெயர் இல்லை. கைதட்டல் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினோம். என் தொண்டர்களில் ஒருத்தியாவது என்னிடம் ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதற்கும் படிவம் கேட்கும் நான், என் தவறுக்கு ஒரு படிவம் இல்லையே என்று கண்காட்சி அறிக்கையில் ஒரு பக்கம் சேர்த்து, நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டேன். செந்தில்வேல் படித்தார். ஓரத்தில் கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தாளை மடிக்காமல் கோப்பில் வைத்தார். "நீங்க பொறந்ததுல இருந்து நேராப் போட்ட கோட்டுல இதுதான் டீச்சரம்மா ஒசத்தி."

ஆறுதலாகத்தான் சொன்னார். வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கோடை

இங்கே நடக்கவிருக்கும் அடுத்த கண்காட்சிக்கும் என்னைத் தலைவியாகவே வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும். புதிய தொண்டர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம் நாற்பத்திரண்டாம் பக்கம்தான். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும், இருக்க முடியாமல் புதுச்சத்திரம் போனேன். மீண்டும் செய் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தே போனேன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அப்போதுதான் முடிந்திருந்தது அவளுக்கு. சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாய்களில் ஈரச் சாக்கு ஏற்கெனவே ஏறியிருந்தது. இம்முறை ஆய்வில் இரண்டு வரிசைக்குப் பதிலாக நான்கு, அவற்றில் இரண்டுக்கு மட்டும் சாக்கு. பள்ளியை முடித்துவிட்ட பிள்ளைகளும் அந்த ஓராண்டு கலந்துகொள்ளலாம் என்ற விதியை அவளே நூலகத்தில் உட்கார்ந்து படித்துக் கண்டுபிடித்திருந்தாள்.

கோகிலா வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பார்த்து, நோட்டில் எழுதினாள். ஓரத்தில் ஏதோ நீளமாக எழுதினாள். எழுதியதை அடித்தாள். மறுபடி எழுதினாள். அட்டை முழுக்கத் தீவனத் தூள். பழக்கத்தில் என் வலது கை தானாக நீண்டுவிட்டது. அவள் நோட்டை மூடி, துப்பட்டாவுக்குள் வைத்து, இடது கையால் அணைத்துக்கொண்டாள். சரசு கூண்டுகளுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மகளை அதட்டவில்லை. கோகிலாவின் குரலில் மரியாதை குறையவே இல்லை. "இந்தத் தடவ நோட்டு உங்க கைக்கு வராதுங்க டீச்சர். எந்த நாளு வேணுமோ கேளுங்க, நானே படிச்சுச் சொல்றேன்."

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியிலும் அதற்குப் பிறகும் என்னிடம் நோட்டைக் காட்ட மறுத்த மாணவி அவள் ஒருத்திதான். அதற்காக அவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஓர் ஆசிரியரை நானும் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.