ஆணிப் புத்தகங்கள் இருந்த அலுமாரி

போன வாரம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பன்வில பஸ்ஸுக்காக நிற்கும்போது கடலை வாங்கினேன். சுருட்டிக் கொடுத்த தாள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. இடது ஓரத்தில் வரிசையாக வட்டத் துளைகள். எனக்குக் கை பரபரத்தது. கடலையைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டுத் தாளை விரித்துப் பக்க எண்ணைப் பார்த்தேன். இதற்குப் பதில் தாள் வந்துவிட்டதா, இல்லை நடப்பிலிருக்கும் தாளையே யாரோ பிய்த்துவிட்டார்களா என்று பஸ் வரும்வரை கவலை. நான் புழு தேடுவதாக நினைத்து, பக்கத்தில் நின்றவர் தன் கடலையையும் ஒருதரம் கிளறிப் பார்த்துக்கொண்டார்.

கவலை எனக்குக் கூடப்பிறந்தது. மழை வந்தால் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரை ஒழுகுமே என்று கவலை, வராவிட்டால் கொழுந்து இருக்காதே என்று கவலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்குக்கூட, கணக்கில் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் ஒரு காரணம். அப்படிப்பட்டவள் அம்பிட்டியப் பக்கத்து மலையில் இருந்த ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். தூசி தட்டும் வேலைக்கென்றுதான் எடுத்தார்கள். நூலகர் சிவஞானம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். தட்டிய அலுமாரியையே நான் திரும்பவும் தட்டுவதைப் பார்த்துவிட்டு, வேறு யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையை என்னிடம் தந்தார்.

சட்டப் புத்தகங்களில் ஒரு வகை உண்டு. அவற்றுக்குத் தையலும் கிடையாது, பசையும் கிடையாது. துளையிட்ட தாள்களை இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். சட்டம் மாறினால் முழுப் புத்தகமும் மாறாது. தபாலில் ஒரு பொதி வரும்; மேலே குறிப்புத் தாள் ஒன்று இருக்கும். இந்தப் பக்கத்தை எடு, இந்தப் பக்கத்தை வை என்று அது சொல்கிறபடி ஆணியைக் கழற்றி, மாற்றி, முடுக்க வேண்டும். சேர் இதற்கு இங்கிலீஷில் பெயர் சொல்வார். எங்களுக்கு அது ஆணிப் புத்தகம்.

ஆணி கழற்றுவதென்றால் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது, இரண்டாவது ஜன்னலைச் சாத்துவது. காற்றுக்கு மட்டுமில்லை, குரங்குக்கும்தான். ஒருதரம் குரங்கொன்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு தாளோடு மாமரம் ஏறிவிட்டது. என்னோடு வேலை செய்த ரஷீத் நானா அக்குறணைக்காரர். "விடுங்க தங்கச்சி, அதுவும் வரி கட்டட்டும்" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. திருகாணிக்குப் போடும் தையல் மெஷின் எண்ணெய் வாசம் இன்றும் எங்காவது அடித்தால் மாமரம்தான் ஞாபகம் வருகிறது.

மற்றப் புத்தகங்களின் அட்டவணை அட்டையில் பக்கத் தொகையைத் தட்டச்சில் அடிப்பார்கள். ஆணிப் புத்தகத்துக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும்; எத்தனை பாகம் என்பதும் பென்சிலில்தான், அழித்து எழுத வசதியாக. முடியாத புத்தகத்துக்கு மையால் கணக்கு எழுதக்கூடாது என்பார் சேர். பொதி வர வர அதன் இலக்கத்தை இன்னொரு அட்டையில் பதிவேன். ஒரு இலக்கம் தவறினால் அடுத்ததைத் தொடக்கூடாது. முந்தினது செருகிய பக்கத்தைத்தான் பிந்தினது எடுக்கச் சொல்லும். வரிசை மாறினால் புத்தகம் குழம்பிவிடும். அதனால் பிந்தி வந்ததை நூலால் கட்டிக் காத்திருப்புத் தட்டில் வைப்போம்.

இப்படியிருக்கும்போதுதான் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அலுவலகத்து மெனிக்கே மிஸ் என்னைக் கூப்பிட்டு, நிரந்தரமாக்கப் பிரஜாவுரிமை வேண்டும், இருக்கிறதா என்று கேட்டார். என் அப்பா இந்த நாட்டிலேயே இருக்க மனுப் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே கண்ணை மூடியவர். கடல் கடந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி என்பதால், இங்கேயே பிறந்தும் நான் நாடற்றவள். மனுப் போடாமல் இருந்தவர்களுக்கும் பதில் வராதவர்களுக்கும் சேர்த்து ஏதோ புதுச் சட்டம் வந்திருப்பதாகத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னேன். மிஸ் நல்ல மனுஷி; பேச்சை ஆவணக் கோவையில் வைக்க முடியாதே, சட்டத்தைப் பார்த்துவிடுவோம் என்று என்னோடு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

பிரஜாவுரிமைச் சட்டம் இருந்த ஆணிப் புத்தகத்தை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். மிஸ் விரல் வைத்து வாசித்தார். பழைய சட்டம்தான் இருந்தது. இதில் ஒன்றும் இல்லையே என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லி மூடினார்.  வேலை போனால் திரும்பவும் மலையில் கொழுந்து, அதுவும் தோட்டத்தில் திரும்பப் பெயர் பதிந்தால்தான்.

அப்போது சேர் எழுந்து காத்திருப்புத் தட்டுக்குப் போய் ஒரு பொதியை எடுத்து வந்தார். நானே நூல் கட்டி வைத்தது. உள்ளே இங்கிலீஷ் என்பதால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. முந்தின பொதி தபாலில் தொலைந்ததால் அது அங்கே கிடந்தது. அவிழ்த்துத் தாளைப் புரட்டினார். புதுச் சட்டம் இருந்தது.

ரஷீத் நானாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "செருகிடுங்க சேர், நான் ஆணியக் கழட்டுறன்" என்று மின்விசிறியை நிறுத்தப் போனார்.

"செருகேலாது. முந்தினது இன்னும் வரேல்லை."

"ஒரு தாள் சேர். இந்தப் புள்ளைட சோத்து விஷயம்."

"இண்டைக்கு இவவுக்காகச் செருகினால் நாளைக்கு ஆரும் இந்தப் புத்தகத்தை நம்பமாட்டினம்."

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் கோபம் வந்தது, பொய் சொல்வானேன். அவரோ கதிரையை இழுத்து மிஸ்ஸை உட்கார வைத்து, தனித்தாளை அவர் முன்னால் வைத்து, வரிவரியாகச் சிங்களத்தில் விளக்கினார். புத்தகத்தில் இல்லாதது எப்படிச் சட்டமாகும் என்று மிஸ் கேட்டார். சட்டம் என்றைக்கோ அமலுக்கு வந்துவிட்டது, நம்மிடம் தாள் சேரத்தான் தாமதம் என்றார் சேர். பிறகு என்னைப் பார்த்தார். 

"பிள்ளை, நீர் எப்பவோ பிரஜையாகிட்டீர். புத்தகத்துக்குத்தான் இன்னும் தெரியாது."

புதுச் சட்டத்துக்கு அதுவே போதும் என்றதால், சமாதான நீதவானிடம் சத்தியம் செய்து சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். மிஸ் அதைக் கோவையில் வைத்தார். அது தொலைந்துவிடுமோ, கையெழுத்து மங்கிவிடுமோ என்று நியமனம் வரும்வரை நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் வந்தது.

தொலைந்த பொதிக்குப் பதில் கேட்டு எழுதி, அது வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வரிசைப்படி இரண்டையும் செருகினேன். என் அப்பாவை ஆளில்லை என்று சொன்ன தாளை உருவும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததெல்லாம், சரியான தாளைத்தான் எடுத்தேனா என்ற கவலை. எடுத்த தாளின் குறுக்கே கோடிழுத்துக் கூடையில் போட்டேன். அதுதான் முறை.

இப்போது அந்த அலுமாரி இருந்த இடத்தில் கணினிகள். சட்டம் திரைக்குள் தானாகவே மாறிக்கொள்கிறதாம். திருகாணியும் இல்லை, காத்திருப்புத் தட்டும் இல்லை. சேரும் இல்லை.

என் மகளுக்கு அடையாள அட்டை எடுக்கக் கிராம சேவகரிடம் போன அன்று, சத்தியக் கடதாசிப் பிரதி, அப்பாவின் மனு, அவருடைய தோட்டத்துப் பதிவு எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு போனேன். அவரோ என் மகளின் பிறப்புச் சான்றிதழை மட்டும் வாங்கிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் பையின் வாயைத் திறந்தபடியே நின்றேன்.

"இன்னும் என்னம்மா? வாங்க, போலாம்" என்றாள் மகள்.

அந்தப் பிரஜாவுரிமைக் கேள்வியைக் கேட்க இனி அங்கே யாருமில்லை என்பது எனக்கு உறைக்க, படியிறங்கிப் பாதிவழி போக வேண்டியிருந்தது.