அக்காவின் பழைய பக்கம்

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. இணையத்தில் எந்தப் பக்கத்தில் கை வைப்பதானாலும் முதலில் அதன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். யாராவது தேடும்போது அந்தப் பக்கம் எவ்வளவு மேலே வர வாய்ப்பிருக்கிறது என்று ஒரு மென்பொருள் கணித்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். பக்கத்தின் அழகை அது சட்டை செய்யாது. வேறு யார் யார் தங்கள் பக்கங்களிலிருந்து இதற்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முக்கியமாகப் பார்க்கும். புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான்.

நொச்சிக்குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவின் பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. திமிர், வேறென்ன. அவர் மகள் படிக்கிற காலத்தில் இலவசத் தளம் ஒன்றில் போட்டுக் கொடுத்த பக்கம் அது. மங்கலான வஞ்சிரப் படம், வரிக்கு வரி பிழை, அடியில் அக்காவின் செல் நம்பர். மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் போனில் மீன் கேட்டவர்கள் அதைப் பார்த்துதான் கூப்பிட்டார்கள். "நான் அழகா செஞ்சு தரேன்க்கா" என்று வலியப் போய்ப் புதுப் பக்கம் போட்டேன். இரண்டு இருந்தால் குழப்பம் என்று பழையதை அழித்தும் விட்டேன்.

போன் வருவது நின்றது. "புரட்டாசி தம்பி. பாதி ஊரு கவுச்சி தொடாது" என்றார் அக்கா. அது எனக்கும் வசதியாக இருந்தது.

ஐப்பசி பிறந்தும் கூடையில் மீன் மிஞ்சியது. அப்போதுதான் பயந்துபோய் மதிப்பெண்ணைப் பார்த்தேன். புதியதற்கு ஒன்று. அழித்துவிட்ட பழையதற்கு, மென்பொருளில் இன்னும் மிச்சமிருந்த பதிவின்படி, முப்பத்தி நாலு. சமையல் குறிப்பு எழுதும் பெண்கள் பலர் வருடக்கணக்காக அதற்கு லிங்க் கொடுத்து வைத்திருந்தார்கள். அழித்ததை மீட்க வழியில்லை. புது லிங்க் போடச் சொல்லி அவர்களுக்கெல்லாம் எழுதிக் கெஞ்சினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடத்தான் குப்பத்துக்குப் போனேன். பக்கத்தில் கடை போட்டிருக்கும் தன் தங்கையிடம் அக்கா செல்லில் புதுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா அழகா கீது பாரு. எனக்குத்தான் நேரம் செரியில்ல." பிறகு என்னிடம், "தம்பி, இவளுக்கும் பழசு ஒண்ணு கீது. அத்த தூக்கிட்டு இதே மாதிரி போட்டுக் குடு" என்றார்.

"அவங்களுது அப்படியே இருக்கட்டும்க்கா" என்றேன்.

"ஏன் தம்பி?"

அரைக் கிலோ சங்கரா போடச் சொன்னேன். எப்போதும் போல ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.