மிரளும் குதிரைக்கு மந்திரித்த தண்ணீர்

குதிரை பயப்படும் பிராணி. இத்தாலியில் பலேர்மோவின் பணக்காரர்கள் அதை மாரிகாலத்தில் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து, கதவையும் அடைத்துவிட்டு, “ஏன் மிரளுது?” என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் சியாகுல்லிப் பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் அந்தக் கேள்வியை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்பது என் வேலை. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி மரியாதை தேவையில்லை.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், சுற்றறிக்கைகளுக்கு விளக்கம் எழுதியவன் நான். இங்கே என் தகுதி, எடை குறைவு. நகர நடுவே பொலிதேயாமாவில் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞர் ஒருவரின் மனைவியிடம் சாம்பல் நிறக் குதிரை ஒன்று இருந்தது. அந்த அம்மாவை எல்லாரும் சிஞ்ஞோரா என்போம்; அவள் ஏறுமுன் நான் ஏறி அதன் பயத்தை எடுத்துவிட வேண்டும். கூரையில் மழை விழுந்தால் அது பக்கவாட்டில் பாயும். மழை விட்டால் அந்த அமைதிக்கும் பாயும். பயம் எடுபடவில்லை. என் முழங்கால் தோல்தான் எடுபட்டது.

ஒரு மார்கழியில் சிஞ்ஞோரா அதிலிருந்து விழுந்தாள். இனி ஆளை விழுத்தும் குதிரை இறைச்சிக் கடைக்குப் போகும் என்று வழக்கறிஞர் தீர்ப்புச் சொன்னார். விதி என்பது அவருக்கு மற்றவர்களுக்காக எழுதப்படுவது. சிஞ்ஞோரா லாயத்தில் நின்று அழுதாள். ஓட்டத் தெரியாவிட்டாலும் அவளுக்கு அந்தக் குதிரைமேல் உண்மையான அன்பு. அந்தக் கூட்டத்தில் அது அதிசயம்.

தையில் வனத்து அந்தோனியார் திருநாள். அன்று செபம் சொல்லித் தண்ணீர் தெளித்து விலங்குகளை மந்திரிப்பது அங்கே வழக்கம். வெளியே மழை என்பதால் பாதிரியாரை, எங்கள் பேச்சில் சுவாமியை, தகரக் கூரைச் சவாரி மண்டபத்துக்குள் அழைத்தார்கள். குதிரைகள் வரிசையாக நின்றன. சாம்பல் குதிரையில் நான். பக்கத்தில் வழக்கறிஞர், காதுகூட அசைக்காது என்று அவர் பெருமையடிக்கும் மண்ணிறக் குதிரையில், படத்துக்கு இருப்பவர்போல விறைத்துக்கொண்டிருந்தார்.

சுவாமி செபம் தொடங்கியதும் ஒழுகிய கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் தலையில் விழுந்தது. எங்களோடு லாயம் கூட்டும் மன்னார்க்காரன் பதறிப்போனான். அவன் ஊர்த் திருநாளில் சுவாமி குடையில்லாமல் ஓர் அடி வைக்கமாட்டார். ஓடிப்போய்ப் பெரிய கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்தான்.

“டேய், விரிக்காதை!” என்று கத்தினேன்.

“அண்ணை, சுவாமி நனையிறார்!”

“நனையட்டும்! தண்ணி தெளிக்கத்தானே வந்தவர்!”

“ஐயோ, இப்பிடிக் கதைக்காதேங்கோ, பாவம்,” என்றபடியே விரித்தான்.

படீர் என்றது. சாம்பல் குதிரை முன்கால்களைத் தூக்கி, பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பறந்தது. நான் பிடரி மயிரில் தொங்கினேன். அதைச் சவாரி என்று சொல்ல முடியாது, ஆனால் விழவில்லை. அது மூச்சிரைத்து நின்றபோது திரும்பிப் பார்த்தேன். மண்ணிறக் குதிரையின் சேணத்தில் ஆளில்லை. வழக்கறிஞர் மணலில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிஞ்ஞோரா அவருக்குக் கை கொடுக்கவில்லை. “இப்ப எந்தக் குதிரை இறைச்சிக் கடைக்குப் போகுது?” என்றாள், சுவாமிக்கும் கேட்கும்படி.

அவர் விளக்கம் தொடங்கினார். இது வேறு சூழ்நிலையாம். குடையை யாரும் எதிர்பார்க்கவில்லையாம். இப்படிப்பட்ட விளக்கங்களைக் கச்சேரியில் வண்டி வண்டியாகக் கேட்டிருக்கிறேன்.

“விழுத்தினால் எண்டுதானே சொன்னனீங்கள்? காரணம் ஒண்டும் சொல்லேல்லையே,” என்றேன் இத்தாலிய மொழியில். குதிரைமேல் இருந்து சொல்வதில் ஒரு வசதி இருந்தது.

அவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஒன்றும் போகாது. இரண்டும் நிற்கட்டும்.”

சிஞ்ஞோரா வந்து சாம்பல் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பாத்தீங்களே அண்ணை, அந்தோனியாற்றை புதுமை, அற்புதம்!” என்றான் மன்னார்க்காரன், குடையும் கையுமாக.

“முதல்லை அதை மடியடா,” என்றேன். அவன் மடிக்கும்வரை நான் பிடரியை விடவில்லை.