தேர் போகாத லயமும் லோகநாயகி டீச்சரும்

லோகநாயகி டீச்சர் காலமான செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. எரிகிற விளக்கு, சிவப்பு ரோஜா, நடுவில் டீச்சரின் பழைய புகைப்படம். கீழே பெயர், அதிலும் எழுத்துப்பிழை. எங்கள் பாடசாலை வட்சப் குழுவில் அதைப் போட்டவர் யாரென்று பார்ப்பதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழத் தொடங்கின. அவற்றுக்கு நடுவில் ஒருவர், யாரோ ஓர் அரசியல்வாதியின் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பியிருந்தார். அதற்கும் சிலர் கைகூப்பியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

டீச்சரை அறிந்தவர்கள் இதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். அஞ்சலிப் பதாகையில் 'சாந்தமே உருவானவர்' என்று அச்சடித்திருந்தார்கள். அது பொய். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், தம்பி குடும்பத்தோடு அங்கேயே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசிவரை வாழ்ந்தவர் அவர். ஓய்வுபெறும் வரை எங்கள் பாடசாலையில் தமிழ் கற்பித்தார். ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடுத்தது அவருடைய மேசை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிடிக்காத ஒன்றைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். அழுகிய எதையோ மோந்தவரைப் போல மூக்கும் உதடும் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த முகத்துக்குப் பாடசாலை அதிபரே பயப்படுவார்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனால் அவரும் தம்பி மனைவி சரசுவும் தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பது என்பதைவிடத் திட்டுவது என்பதே சரி. "இவளுக்கு வேற வேலையே கெடையாதா? என்னைக்காவது ஒரு துணி தொவச்சிருக்காளா பாரு, பால்ல வெஷம் கலக்க மட்டும் நேரம் இருக்கு" என்பார் டீச்சர். சரசு விழுந்து விழுந்து சிரிப்பாள். நாடகம் முடிந்து செய்தி வந்தால் சிரிப்பு நின்றுவிடும். மலையக மக்களுக்கு வீடு, காணி, சம்பளம் என்று யாராவது மைக்கைப் பிடித்தால் டீச்சரின் மூக்கு ஒதுங்கத் தொடங்கும். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இவன் அப்பனும் இதையேதான் சொன்னான். எங்கப்பா கைதட்டுனாரு. சரி, அவனுங்கள விடும்மா. நம்மள ஒதுக்குறாங்க, ஒதுக்குறாங்கன்னு நாள் பூரா பேசுறோமே, நாம யாரையும் ஒதுக்கலையா?"

அவர் சொன்னது தன் வீட்டையும் சேர்த்துத்தான்.

அந்தத் தோட்டத்தில் சாக்கடைக் கானும் கக்கூசும் சுத்தம் செய்கிறவர் மாரிமுத்து. அவரும் அவருடைய உறவுக்காரர்களும் கடைசி லயத்தில் இருக்கிறார்கள். யாராவது இறந்தால் தப்பு மேளம் அடிக்க வருகிறவர்களும் அவர்கள்தான். மாரிமுத்து வேலை முடித்து வாசலில் நின்றால் சரசு தேநீர் கொடுப்பாள். அதற்கென்று காது உடைந்த கோப்பை ஒன்று வெளி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்திருக்கும். ஒருநாள் நான் இருக்கும்போதே, மாரிமுத்து குடித்துவிட்டுப் போய், சரசு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் டீச்சர் அதை எடுத்து வந்து தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

சரசு பதறிப்போனாள். "ஐயோ மதினி, அது அந்தாளு குடிக்கிறது!"

"கழுவித்தானே வச்ச?"

"கழுவுனேன்தான்…"

"அப்புறம் என்ன?"

அன்றிலிருந்து டீச்சர் வேறு கோப்பையில் குடிக்கவில்லை. சரசு கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "எனக்கு அழுக்கு அருவருப்பு இல்ல சரசு. இந்தப் புத்திதான் அருவருப்பு" என்று டீச்சர் ஒரே தடவை சொன்னார். கடைசியில் சரசு அந்தக் கோப்பையைக் குப்பையில் எறிந்துவிட்டு, எல்லோரும் குடிக்கிற கோப்பையிலேயே மாரிமுத்துவுக்கும் ஊற்றத் தொடங்கினாள். டீச்சர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "இன்னும் திருந்தல. எனக்காகத் தூக்கிப் போட்டிருக்கா. இருக்கட்டும், அதுவும் ஒரு ஆரம்பந்தானே" என்றார்.

பழைய பெயின்ட் வாளிகளிலும் பால்மா டின்களிலும் டேலியா வளர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பூக்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகும். டீச்சருக்கு அம்மன்மீது அவ்வளவு பக்தி. திருவிழாவில் தேர் எல்லா லயத்துக்கும் போகும், கடைசி லயத்துக்கு மட்டும் போகாது. அதற்கு முன்னால் இருக்கிற பீலியடியில், பெண்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், திரும்பிவிடும். கேட்டால் பாதை சரியில்லை என்பார்கள். பாதைக்குக் கொங்கிரீட் போட்ட பிறகு, நேரமில்லை என்றார்கள்.

பாதை போட்ட அந்த வருடம் தேர் டீச்சரின் வாசலுக்கு வந்தபோது அவர் வெறுங்கையோடு நின்றார். கோயில் தலைவர், "டீச்சர், அர்ச்சனைத் தட்டு எங்க?" என்று கேட்டார்.

"கடைசி லயத்துக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க தலைவரே. அப்ப தர்றேன்."

"அது பழக்கம் இல்லைங்களே டீச்சர்."

"லொறி போகுது, த்ரீவீல் போகுது. அம்மன் மட்டும் போகக்கூடாதா?"

"சாமி காரியம். இதுல வாக்குவாதம் வேணாங்க."

"சாமி ஒண்ணுமே சொல்லலையே. நீங்கதானே பேசுறீங்க."

தேரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று டீச்சரின் வாசலில் தீபாராதனை இல்லை. அடுத்து வந்த வருடங்களிலும் இல்லை. டேலியா பூக்கள் அதன்பிறகு கடைசி லயத்து மாடசாமி கோயிலுக்குப் போயின. சர்க்கரை வியாதி முற்றி டீச்சரின் கால்விரல் ஒன்றை எடுத்தபோது 'அம்மன் குத்தம்' என்று பேசினார்கள். தோட்டத்தில் மட்டுமல்ல, பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்திருக்கிற எங்கள் ஆசிரியர் அறையிலும் பேசினார்கள். என் காதால் கேட்டேன். அதை அவரிடம் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "மாரியம்மா என்ன, எலெக்ஷன் கேக்குறவளா? மாலை போடலன்னு பழிவாங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அம்மனைத்தான் கும்பிட்டார்.

இழவு வீட்டுக்கு நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. வாசலில் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மாரிமுத்துவும் அவருடைய ஆட்களும் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். சரசுதான் உட்காரவைத்திருக்கிறாள். அவர்களைச் சுற்றியிருந்த கதிரைகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் வெளியே மழையில் நின்றார்கள். சிலரிடம் குடைகூட இல்லை. பக்கத்தில் உட்காருவதைவிட நனைவது மேல் என்று நினைத்திருக்கிறார்கள். என்னோடு வந்த இரண்டு ஆசிரியர்களும் வெளியே நின்றுகொண்டு, உட்காரச் சொன்னதற்குக் கால் வலிக்கவில்லை என்றார்கள். எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் அப்படி நனைந்துகொண்டு நின்றதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

கோயில் தலைவர் வந்தார். வந்ததும் மாரிமுத்துவைப் பார்த்து, "ஏன்டா மாரி, தப்பு எங்கடா? கைய வீசிக்கிட்டு வந்து ஒக்காந்திருக்க?" என்றார். மாரிமுத்து அவரைவிட மூத்தவர். எழுந்திருக்கப் போனார்.

சரசு உள்ளேயிருந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நீங்க ஒக்காருங்கண்ணே" என்று மாரிமுத்துவிடம் சொல்லிவிட்டுத் தலைவரிடம் திரும்பினாள். "அவர டா போட்டுப் பேசாதீங்க. அவரு இன்னைக்கு வேலைக்கு வரல, எழவுக்கு வந்திருக்காரு."

"தப்பு இல்லாமயா பொணத்த எடுக்கப் போறீங்க?"

"ஆமா. மதினி சொல்லிட்டுப் போனது. நாம வாழும்போது இவங்கள கோயிலுக்குள்ள விடல, செத்தப்புறம் மட்டும் தப்படிக்கக் கூப்பிட வேணாம்னாங்க."

"ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டுங்க."

பிறகு அவளே தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து முதல் கோப்பையை மாரிமுத்துவுக்குக் கொடுத்தாள். தலைவர் எடுக்கவில்லை. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கையோடு அரசியல்வாதி ஒருவர் வாகனத்தில் வந்து இறங்கினார். கட்சிக் கொடியை டீச்சரின்மேல் போர்த்தி, தலையைக் குனிந்து, படம் எடுத்து முடிகிறவரை குனிந்தபடியே இருந்தார். பேசும்போது 'லோகேஸ்வரி அம்மா' என்றார். வாகனம் திரும்பியதும் சரசு கொடியை எடுத்து மடித்து ஒரு காலிக் கதிரையில் வைத்தாள்.

பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. டீச்சரின் தம்பி மாரிமுத்துவின் முன்னால் போய் நின்றார். மாரிமுத்து எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்பக்கம் தோள் கொடுத்தார். தப்புச் சத்தம் இல்லாததால் தேயிலை மலைப் பாதை நெடுகிலும் பெண்களின் அழுகை மட்டும் தெளிவாகக் கேட்டது. மழையில் நின்றவர்களில் சிலர் பின்னால் வந்தார்கள். பலர் வரவில்லை.

இறந்தவர் விட்டுச்சென்ற அன்பைப் பற்றி எழுதித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிப்பார்கள். டீச்சரிடம் எனக்கு அன்பும் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் வைத்துக்கொள்ளப் போவது அந்த முகச்சுளிப்பை. எது நாறுகிறது என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பழகிப்போன பிறகும் அவருடைய மூக்கு மட்டும் பழகிக்கொள்ளவில்லை. எனக்கும் அது பழகாமல் இருக்க வேண்டும்.

போன வாரம் கோயில் தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். டீச்சருக்குக் கோயில் மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைக்கிறார்களாம், நான் பேச வேண்டுமாம். மாரிமுத்து மண்டபத்துக்குள் வந்து உட்காரலாமா என்று கேட்டேன். "கமிட்டியில பேசிட்டுச் சொல்றேங்க டீச்சர்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. அங்கே பேச வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன்.