முன்கூட்டியே நடந்த வழியனுப்பு விழா

எங்கள் பானெவெஜிஸ் ஊரில் கூடைப்பந்தைத் தொடாதவர் விளையாட்டு வீரர் கணக்கிலேயே வரமாட்டார். ஸ்வாயா பதினேழு வருடமாக உள்ளரங்கில், ஓரம் உயர்ந்து உள்பக்கம் சரியும் மரப்பாதையில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறாள், மூன்று முறை லிதுவேனியாவின் சாம்பியன். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் அம்மாள் அவளுடைய தொடைகளை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐஸ்ல சறுக்குவியாம்மா?" என்றாள்.

"இல்லக்கா, சைக்கிள் ஓட்டறேன்."

"அட, தபால்காரியா! என் பென்ஷன் கடுதாசி எங்கடி?"

விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள் ஸ்வாயா. அவளுடைய புகழின் எல்லை அவ்வளவுதான். அவள் சக்கரங்களுக்குக் காற்றடிக்கிற என்னை யாருக்குத் தெரியப்போகிறது!

அவளுக்கு முப்பத்தாறு வயதானதும் சைக்கிள் சங்கச் செயலாளர் ரிமான்டாஸுக்கு அவளை வழியனுப்பும் ஆசை வந்துவிட்டது. ஐரோப்பியப் போட்டிக்கு இருந்தது ஒரே இடம். மார்ச் மாதச் சனிக்கிழமை நாற்பது சுற்றுப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு அது. ஸ்வாயாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இருபது வயது உக்னேதான் ஜெயிப்பாள் என்று மனுஷர் தானே முடிவுகட்டிவிட்டார். சரி, விழாவைப் பந்தயம் முடிந்தாவது வைத்திருக்கலாம். டிவிக்காரர்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போயாக வேண்டுமாம், அதனால் முன்னாலேயே வைத்துவிட்டார். இப்படியும் ஒரு மூளை!

மேடையில் பூங்கொத்தை வாங்கியவள் பூக்களை எண்ணினாள். பத்து. எங்கள் பக்கம் இரட்டைப்படையில் பூ கொண்டுபோவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். கேமராவில் கொத்து பெரிதாகத் தெரியட்டும் என்று செயலாளர் ஒன்றைக் கூடச் சேர்க்கச் சொன்னாராம்.

"ஐயா, யாரு செத்துட்டாங்க?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

அரங்கம் அதிரச் சிரித்தது. ரிமான்டாஸின் முகம் பீட்ரூட் சூப் நிறத்துக்குப் போனது. ஸ்வாயா ஒரு பூவை உருவி என் சட்டைப்பையில் செருகினாள். "காத்து கொஞ்சம் தூக்கலாவே அடிங்கண்ணே" என்றாள்.

கேமரா கிளம்பிப் போனது, பந்தயம் தொடங்கியது. முப்பத்தெட்டு சுற்றுவரை அவள் கூட்டத்தின் வாலிலேயே கிடந்தாள். "தூங்கறியாடி? மேல ஏறு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஏறினாள். சரிவின் உச்சிவரை ஏறி, அங்கிருந்து கீழே பாய்ந்து எல்லாரையும் தாண்டினாள். கடைசி வளைவில் உக்னே பக்கத்தில் வந்துவிட்டாள். கோட்டைத் தொட்டபோது ஸ்வாயாவின் சக்கரம் ஒரு சாண் முன்னே இருந்தது. நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

இந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, நிற்க மூன்று நான்கு சுற்றாவது ஆகும்.

"ஐயா, என் பேரை..." என்றபடியே செயலாளரைக் கடந்து போய்விட்டாள். அடுத்த சுற்றில் வந்து, "...எழுதிட்டீங்களா?" என்றாள்.

அவர் பைகளைத் தடவினார். பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

மூன்றாவது சுற்றில் வேகம் தணிந்து மெல்ல வந்தாள். ரிமான்டாஸ் ஐரோப்பியப் போட்டிப் பட்டியலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எழுதிட்டேம்மா! நீதான், நீயேதான்!" என்று கத்தியபடி அவள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினார்.